தோட்டத்து நாயும் லீவுக்கு வந்த பிள்ளைகளும்

[காட்சி: பொள்ளாச்சிப் பக்கம், தென்னந்தோப்புக்கு நடுவே ஒரு வீடு. கேட் முன்னால் கார் வந்து நிற்கிறது.]

குரல்: மே மாதம் வந்தால் கோயமுத்தூரிலும் திருப்பூரிலும் படிக்கிற பிள்ளைகள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) வீட்டுக்குக் கிளம்பிவிடும். காரிலிருந்து இறங்கியதும் ஓட்டம்தான். கட்டுத்தரை, மோட்டார் ரூம், தண்ணீர்த் தொட்டி, அப்புறம் நாய். திண்ணையில் இருந்தபடியே அப்புச்சி சொல்வார்: "பயப்படாத கண்ணு, நம்ம நாய் ஒண்ணும் பண்ணாது."

இதே அப்புச்சி பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் வேறு மாதிரி பேசுவார். "புது ஆளு ஒருத்தன் வரப்புல கால் வைக்க முடியாதுங்க, அப்படி ஒரு நாய்." இரண்டையும் அவர் நம்பித்தான் சொல்கிறார். ஆனால் பொங்கலுக்கு ஒரு நாள் வந்துபோன பேரன், நாயின் கணக்கில் எந்தப் பக்கம்? அவனும் புது ஆள்தான். அதுவும் கத்திக்கொண்டு ஓடுகிற புது ஆள்.

[காட்சி: ராட்வீலர் ஒன்றும் ஐந்து வயதுப் பையனும், பக்கத்தில் பக்கத்தில் வரைபடமாக.]

குரல்: நன்றாக வளர்ந்த ஆண் ராட்வீலர் 50 கிலோ வரும். ஐந்து வயதுப் பிள்ளை 18 கிலோ இருந்தால் அதிகம். நாய் நின்றால் அதன் வாய் பிள்ளையின் முகத்துக்கு நேராக இருக்கிறது. அதனால்தான் சிறு குழந்தைகளுக்குக் கடி பெரும்பாலும் முகத்திலும் தலையிலும் கழுத்திலும் விழுகிறது. விளையாட்டாக மோதினால்கூடப் பிள்ளை கீழே விழும்.

காங்கேயம் காளை கட்டியிருக்கும் இடத்துக்கு யாராவது பேரனைத் தனியாக அனுப்புவோமா? எவ்வளவு சாதுவான காளையாக இருந்தாலும் அனுப்பமாட்டோம். அந்தப் பழக்கம் நம்மிடம் பரம்பரையாக இருக்கிறது. பெரிய நாய் விஷயத்தில் மட்டும் அது வரவில்லை.

2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கத்தில், ஒரு மாநகராட்சிப் பூங்காவுக்குள் இரண்டு ராட்வீலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறியது ஞாபகம் இருக்கும். அதற்கு முன்பே, மார்ச்சில், மத்திய அரசு 23 நாய் இனங்களைத் தடுக்கச் சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. எனக்கு அந்தப் பட்டியல் மேல் பெரிய நம்பிக்கை இல்லை. ராட்வீலரும் பிட்புல்லும் அதில் உண்டு, ஆனால் நம் ராஜபாளையம் இல்லை, டாபர்மேன் இல்லை, ஜெர்மன் ஷெப்பர்டு இல்லை. பட்டியலில் இல்லாத நாய்க்குப் பல் இல்லையா என்ன?

[காட்சி: குட்டிகள் தாயோடு.]

குரல்: குட்டி வாங்கும்போதே பாதி விஷயம் முடிவாகிவிடுகிறது. எட்டு வாரம் ஆகாத குட்டியை வாங்காதீர்கள். கடியின் அளவை அது கற்றுக்கொள்வது தாயிடமும் கூடப் பிறந்த குட்டிகளிடமும்தான். மூன்றாவது வாரத்திலிருந்து சுமார் பதினாலாவது வாரம் வரை அது எதையெல்லாம் பார்த்துப் பழகுகிறதோ, அதெல்லாம் பிறகும் அதற்குச் சாதாரணம். அந்த வயதில் குழந்தைகளையே பார்க்காத நாய், பின்னால் குழந்தையைக் கண்டால் மிரளும். "யாரையும் காட்டாமல் இருட்டில் கட்டி வளர்த்தால்தான் நல்ல காவல்" என்று சொல்லுகிறவர்கள் நம் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். அப்படி வளர்ந்த நாய் பயந்த நாய். பயந்த நாய்க்குத் திருடன் யார், பேரன் யார் என்ற வித்தியாசம் தெரியாது.

நாள் முழுக்கச் சங்கிலியில் கிடக்கிற நாயும் அப்படித்தான். ஓடித் தப்பிக்க வழியில்லாததால் கிட்டே வருகிறவரைக் கடிப்பது ஒன்றுதான் அதற்கு மிச்சம். முடிந்தால் கம்பி வலை அடித்து, நிழலோடு, நடமாட இடம் விட்டு ஒரு கூண்டு கட்டுங்கள். கொக்கி பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். வலைக்குள் விரல் நுழையக்கூடாது. கூண்டை வாசலுக்கு நேர் எதிரே வைக்காதீர்கள். வருகிற போகிற எல்லாரையும் பார்த்துக் குரைத்துக் குரைத்தே நாய் கொதித்துப் போகும். விருந்தாளி வரும் நாளில், கார் கேட்டுக்கு வருவதற்கு முன்பே நாய் கூண்டுக்குள் போயிருக்கவேண்டும். வந்த பிறகு பிடித்து அடைப்பது என்பது, மூன்று பிள்ளைகள் கத்த, நாய் துள்ள, அம்மிச்சி (பாட்டி) குச்சியோடு ஓட என்று முடியும்.

[காட்சி: நாயின் முகம், அருகில். கண், காது, உதடு.]

குரல்: இனி முக்கியமான இடம். நாய் திடீரென்று கடித்தது என்பார்கள். பெரும்பாலும் அது பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கடித்திருக்கும். தலையைத் திருப்பிக்கொள்ளும். தூக்கமே இல்லாமல் கொட்டாவி விடும். சும்மா உதட்டை நக்கும். முகம் ஒரு பக்கம் இருக்க, கண்ணின் வெள்ளை தெரியும்படி ஓரத்தில் பார்க்கும். அப்புறம் உடம்பு அப்படியே விறைத்து நிற்கும். அந்த விறைப்பைப் பார்த்தீர்களானால் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை, பிள்ளையை விலக்குங்கள். வால் ஆடுவதை வைத்து ஏமாறவேண்டாம், விறைப்பாக ஆடுகிற வாலும் உண்டு.

அடுத்தது உறுமல். உறுமினால் நாம் அடிக்கிறோம். இரண்டு மூன்று முறை அடி வாங்கிய நாய் உறுமுவதை விட்டுவிடும், கடிப்பதை விடாது. எச்சரிக்கையை நாமே பிடுங்கிப் போட்ட மாதிரி ஆகிவிடும். உறுமினால் பிள்ளையை நகர்த்துங்கள், நாயைத் தனியே விடுங்கள், எதற்கு உறுமியது என்று யோசியுங்கள்.

பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டியது கொஞ்சம்தான்: சாப்பிடும்போதும் தூங்கும்போதும் குட்டி போட்டிருக்கும்போதும் கிட்டே போகாதே. கழுத்தைக் கட்டிப் பிடிக்காதே. துரத்தினால் ஓடாதே, மரம் மாதிரி நில், கண்ணைப் பார்க்காதே. தள்ளிவிட்டால் சுருண்டு படுத்துக் கழுத்தையும் காதையும் கையால் மூடிக்கொள். ஆனால் ஆறு வயதுப் பிள்ளை அந்த நேரத்தில் இதையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்ளும் என்று நம்பி இருக்கமுடியாது. கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் இருக்கவேண்டும். திண்ணையில் உட்கார்ந்து போன் பார்க்கிற பெரியவரைச் சொல்லவில்லை.

[காட்சி: குழாயடி. சோப்பு.]

குரல்: கடித்துவிட்டால்? ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மிளகாய்த் தூள், மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித் தூள் எதுவும் வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி. அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி இலவசம். தோலில் போடும் முறை என்றால் முதல் நாள், அப்புறம் அதிலிருந்து 3, 7, 28 ஆம் நாள். ஆழமான காயத்துக்கு இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவைப்படும், கேட்டு வாங்குங்கள். நம் மேட்டுப்பாளையத்துக்கு மேலே குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் 1907-இல் தொடங்கியதே வெறிநாய்க்கடிக்காகத்தான். நோய் வெளியே தெரிய ஆரம்பித்த பிறகு காப்பாற்ற வழி கிடையாது என்பதால்தான் இந்த அவசரம். "நம்ம நாய்க்கு ஊசி போட்டிருக்கு" என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.

சட்டமும் இருக்கிறது. வளர்ப்பு விலங்கை அலட்சியமாக விட்டு ஆளுக்கு ஆபத்து வரவைத்தால், குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

கடித்த நாயை ஆத்திரத்தில் அடித்துக் கொன்றுவிடாதீர்கள், எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடவும் வேண்டாம். வெறிநோய் அறிகுறி தெரிகிறதா என்று 10 நாள் தனியாகக் கட்டி வைத்துக் கவனிக்கவேண்டும். அதற்காகப் பிள்ளையின் ஊசியைத் தள்ளிப்போடக்கூடாது. இரண்டும் கூடவே நடக்கட்டும். இடையில் நாய் சாப்பிடாமல் ஒதுங்கினாலோ, செத்துப்போனாலோ, உடனே டாக்டரிடமும் கால்நடை மருத்துவரிடமும் சொல்லுங்கள். 10 நாளும் நன்றாக இருந்தால், மீதி ஊசி வேண்டுமா என்பதை டாக்டர் பார்த்துச் சொல்வார்.