கான்வென்ட் பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டை எப்படிப் படிப்பது?

[காட்சி: மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள தெலுக் இந்தான் ஊரின் சாய்ந்த கோபுரம். அடுத்து, கான்வென்ட் பள்ளி வாசல்.]

குரல்: பால்மரத் தோட்டமோ செம்பனைத் தோட்டமோ, இந்தத் தெலுக் இந்தான் வட்டாரத்தில் ‘கான்வென்ட்ல படிச்சவங்க’ என்று பெருமையாகச் சொல்லப்படும் ஒரு பெரியம்மாவோ அத்தையோ பல குடும்பங்களில் உண்டு. அவர்கள் பெயர் இருக்கும் இடம் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு. அதைத் தவறாகப் படித்தால் நன்றாகப் படித்த பிள்ளையைக்கூட மக்குப் பிள்ளை என்று எழுதிவிடுவோம்.

முதலில் பின்னணி. 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் ருவான் நகரில் நிக்கோலா பாரே என்ற துறவி தொடங்கிய குழந்தை இயேசு சபைக் கன்னியர், அதாவது கத்தோலிக்கப் பெண் துறவிகள், 1852-இல் பினாங்கில் வந்து இறங்கினார்கள். 1854-இல் சிங்கப்பூர், 1899-இல் தைப்பிங்கும் கோலாலம்பூரும், 1907-இல் ஈப்போ. தோட்டப்புற நகரங்களின் கான்வென்ட்டுகள் இந்த வழியில் வந்தவை.

[காட்சி: அடிக்கல் பலகை, நெருக்கத்தில்.]

குரல்: பலகையில் இருப்பது கட்டடத்தின் ஆண்டு. வகுப்பு அதற்கு முன்பே ஒரு வாடகை வீட்டில் தொடங்கியிருக்கலாம். ஆகவே தொடக்க ஆண்டைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் பாருங்கள். பழைய செய்தித்தாளில் தேடும்போது ‘தெலுக் அன்சன்’ என்று தேடுங்கள். 1982-இல்தான் ஊர்ப் பெயர் தெலுக் இந்தான் ஆனது.

[காட்சி: பெயர்ப் பத்தியின் மீது நகரும் விரல்.]

குரல்: லெட்சுமி, லெச்சுமி, லச்சிமி. மூன்றும் ஒரே பிள்ளையாக இருக்கலாம்; எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதினார். அப்பா பெயரையும் தோட்டத்தின் பெயரையும் சேர்த்து ஒப்பிட்டால்தான் தெரியும். கத்தோலிக்கப் பிள்ளை என்றால் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டையும் கேளுங்கள். பழைய ஏடுகள் லத்தீனில் இருக்கும்: ராயப்பன் அங்கே பெத்ருஸ், சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னெஸ்.

கன்னியர் பெயரிலும் குழப்பம் வரும். சபையில் சேர்ந்தபோது புதுப் பெயர் பெற்ற பலர், 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பழைய பெயருக்குத் திரும்பினார்கள். ‘மதர்’ என்று எழுதிய இடத்தில் ‘சிஸ்டர்’ வரும். இரண்டு பெயருக்கும் ஒருவரே உரியவரா என்று பார்க்காமல் ஆள்கணக்குப் போடாதீர்கள்.

இப்போது வயதுப் பத்தி. முதலாம் படிவத்தில், அதாவது இடைநிலைப் பள்ளியின் முதல் ஆண்டில், 14 வயதா? ‘ஃபெயிலாகிவிட்டாள்’ என்று முடிவு கட்டாதீர்கள். தோட்டத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்த பிள்ளை, புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்துவிட்டு வந்திருப்பாள். நாம் ‘ரிமூவ் கிளாஸ்’ என்கிறோமே, அதுதான். 1946, 1947 ஏடுகளில் வயது இன்னும் கூடுதலாக இருக்கும். ஜப்பான்காரன் காலத்தில் தொலைந்த மூன்றரை ஆண்டுப் படிப்பு அது.

[காட்சி: ‘விலகிய தேதி’ பத்தி.]

குரல்: இந்தப் பத்தியில் நிதானமாக இருங்கள். 1950, 60-களில் ஒரே தோட்டத்துப் பிள்ளைகள் நான்கைந்து பேர் ஒரே மாதத்தில் விலகியிருந்தால், அந்தத் தோட்டம் துண்டாடப்பட்டதா என்று தேடுங்கள். தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றபோது வேலையும், தோட்டம் கொடுத்த வரிசை வீடான லய வீடும் சேர்ந்தே போயின. படிக்க மனமில்லாமல் நின்றவர்கள் என்று அந்தப் பிள்ளைகளை எழுதுவது பெரிய அநியாயம். முகவரிப் பத்தியில் உள்ள தோட்டத்தின் பெயரையும், அதன் உட்பிரிவான டிவிஷனின் பெயரையும் எழுத்துப் பிசகாமல் படியெடுங்கள். இன்று வரைபடத்தில் இல்லாத பெயர்கள்கூட அங்கே கிடைக்கும்.

கான்வென்ட் போன்ற ஆங்கிலவழிப் பள்ளிகளில் 1970-இல் ஒன்றாம் வகுப்பில் தொடங்கிய மலாய்வழிப் போதனை, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி 1982-இல் ஆறாம் படிவத்தின் முடிவை எட்டியது. ஏட்டின் தலைப்புகள் மலாய்க்கு மாறும். இன்னாரின் மகள் என்பதற்கு ஆங்கிலத்தில் ‘டி/ஓ’ இருந்த இடத்தில், மலாயில் ‘ஏ/பி’ வரும். புதுப் பள்ளி என்று எண்ண வேண்டாம்.

[காட்சி: ஜன்னலோரம் விரித்த ஏடு.]

குரல்: ஏட்டைத் தொடுமுன் பள்ளியில் அனுமதி வாங்குங்கள். குறிப்பெடுக்க பென்சில் மட்டும். கிழிந்த பக்கத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள். பசை பழுத்துக் காகிதத்தைத் தின்னும். ஃபிளாஷ் இல்லாமல் ஜன்னல் வெளிச்சத்தில், அட்டை முதல் அட்டை வரை, வெற்றுப் பக்கம் உட்படப் படம் எடுங்கள். அனாதை விடுதிப் பிள்ளைகளின் பெயர்கள் வரும் பக்கங்களை மட்டும் வீடியோவில் காட்டாதீர்கள். அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நம்மோடுதான் இருக்கிறார்கள்.