சாய்மனைக் கதிரையும் தண்ணீர் வாளியும்

(கிளிநொச்சியில் ஒரு மாதர் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அம்மாமாரே, அக்காமாரே, வணக்கம். புற்றுநோயால் மார்பை எடுத்தபின், வயிற்றுத் தோலையும் கொழுப்பையும் கொண்டு திரும்ப மார்பு அமைக்கும் சத்திரசிகிச்சை இருக்கிறது. அதை நன்றாகச் செய்துகொண்டு வருபவர்கள் வீட்டில் அவதிப்படுவதைத்தான் நான் ஒரு தாதியாக அதிகம் பார்க்கிறேன்.

முன்பு முதல் நாள் இரவிலிருந்தே பச்சைத் தண்ணீரும் தரமாட்டார்கள். ஒப்பரேஷன் முடிந்தும் நாட்கணக்கில் படுக்கைதான். டென்மார்க்கின் ஹென்றிக் கெலெட் என்ற வைத்தியர் 1990களில் குடல் சத்திரசிகிச்சையில் இந்த வழக்கத்தை மாற்றினார். அதே வழியில் மார்பு மீளமைப்புக்கான வழிகாட்டல் 2017இல் வந்தது. அது சொல்வது இதுதான்: மயக்கம் கொடுக்க 6 மணித்தியாலத்துக்கு முன்வரை சாப்பாடு, 2 மணித்தியாலத்துக்கு முன்வரை தண்ணீர் அல்லது பால் விடாத தேத்தண்ணீர். முடிந்தபின் ஒரு நாளுக்குள் சாப்பிட்டு, எழும்பி நடக்கவேண்டும். நடந்தால் காலில் இரத்தம் உறைவதும், நெஞ்சில் சளி கட்டுவதும் குறையும். ஆனால் உங்கள் வாட்டில் சொல்லும் நேரத்தையே கடைப்பிடியுங்கள்.

சரி, வீட்டுக்கு வருவோம். வயிற்றில் தையல் இருப்பதால் நிமிர்ந்து படுத்தால் இழுக்கும். அப்பாவின் சாய்மனைக் கதிரையை எடுத்துக் கொடுங்கள். முதுகு சாய்ந்து, முழங்கால் மடிந்து இருக்க அதைவிட நல்ல இடம் இல்லை. காயத்தில் ஊறும் நீரை வெளியே எடுக்க வைத்திருக்கும் வடிகுழாயில் சேர்வதை நாள்தோறும் அளந்து கொப்பியில் எழுதுங்கள். அதைப் பார்த்துத்தான் குழாயை எப்போது எடுப்பதென்று முடிவு செய்வார்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: ஒத்தணம் கொடுக்காதீர்கள். புதிய மார்பில் உணர்வு குறைவு, சூடு தெரியாது. ஒரு தாய் மகளுக்கு ஆசையோடு நொச்சி இலை ஒத்தணம் கொடுத்தார். பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கிளினிக்கில் நான் கண்டது தோல் வெந்த கொப்புளம். அந்தத் தாயின் முகத்தை இன்னும் மறக்கவில்லை.

பத்தியமும் வேண்டாம். மீன், முட்டை, பயறு, முருங்கையிலை எல்லாம் கொடுங்கள். காயம் ஆற புரதம் வேண்டும். காய்ச்சல், சீழ், மார்பின் நிறம் கறுத்தல், கெண்டைக்கால் வீக்கம் இவற்றில் எது வந்தாலும் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அப்புறம் தண்ணீர் வாளி. கிணற்றில் அள்ளுவதும் தேங்காய் திருவுவதும் ஏறக்குறைய 6 கிழமைக்குக் கூடாது. யார் அள்ளுவதென்று ஆஸ்பத்திரிக்குப் போகமுன்பே பேசுங்கள். போரில் கணவனை இழந்து தனியாக இருக்கும் பெண்கள் நம் ஊர்களில் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். அந்த வீடுகளுக்குச் சங்கம் முறை போட்டுத் தண்ணீர் அள்ளிக் கொடுக்கவேண்டும். இன்றைக்கே கொப்பியில் பெயர் எழுதுவோம். என் பெயரை முதலில் எழுதுங்கள். சனிக்கிழமை காலையில் எனக்கு டியூட்டி இல்லை.