டூ ஸ்ட்ரோக் ரேஸ் எஞ்சின்: கிரைண்டரை எடுக்கும் முன்

வணக்கம் நேயர்களே. டூ ஸ்ட்ரோக் எஞ்சினை ரேஸுக்குத் தயார் செய்ய உட்கார்ந்ததும் பலருடைய கை முதலில் கிரைண்டரைத்தான் தேடுகிறது. எக்ஸாஸ்ட் போர்ட்டை, அதாவது சிலிண்டர் சுவரில் எரிந்த புகை வெளியேறும் துளையின் மேல்விளிம்பை, உயர்த்தினால் வேகம் வரும், உண்மைதான். எவ்வளவு உயர்த்துவது என்பதை, கிராங்க் எத்தனை டிகிரி சுழன்றது என்று காட்டும் டிகிரி வட்டுதான் சொல்ல வேண்டும்.

வட்டை கிராங்க் முனையில் மாட்டுங்கள். பிளக் ஓட்டையில் ஒரு தடுப்பு போல்ட்டைத் திருகி, கிராங்க்கை இரு பக்கமும் சுழற்றி பிஸ்டன் முட்டும் இடங்களைக் குறியுங்கள். இரண்டுக்கும் நடுவே இருப்பதுதான் பிஸ்டனின் உண்மையான உச்சநிலை. கண்ணால் பார்த்துக் குறிப்பது ஒருபோதும் சரிவராது.

54 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 54.5 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) உள்ள 125 சிசி எஞ்சினை எடுத்துக்கொள்வோம். உச்சநிலையிலிருந்து 82 டிகிரியில் எக்ஸாஸ்ட் திறந்தால், மொத்தம் 196 டிகிரி திறந்திருக்கும். புதுக் கலவை கிராங்க்கேஸிலிருந்து சிலிண்டருக்குள் வரும் டிரான்ஸ்ஃபர் போர்ட் 115இல் திறந்தால் 130. இடையில் கிடைக்கும் 33 டிகிரிக்குள் எரிந்த வாயுவின் அழுத்தம் இறங்கியாக வேண்டும். இறங்காவிட்டால் டிரான்ஸ்ஃபர் திறந்ததும் புகை கிராங்க்கேஸ் பக்கம் திரும்பிப் பாயும். இந்த எஞ்சினில் எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல்விளிம்பை 1 மி.மீ. அறுத்தாலே மொத்தத்தில் சுமார் 4 டிகிரி கூடிவிடும். அரை மி.மீ. அறுங்கள், மறுபடி அளந்து பாருங்கள். அகலமும் கண்டபடி கூடாது: நடுவே பிரிக்கும் தடுப்பு (நடுப்பாலம்) இல்லாத போர்ட் என்றால் சிலிண்டர் விட்டத்தில் 70 சதவீதம், அதாவது சுமார் 38 மி.மீ.தான் எல்லை. மீறினால் பிஸ்டன் ரிங் வெளியே பிதுங்கி விளிம்பில் மாட்டி உடையும். அறுத்த விளிம்பை மழுக்காமல் விட்டாலும் அதே கதிதான்.

போர்ட்டை உயர்த்திவிட்டுப் பழைய சைலன்சரையே மாட்டினால் கீழ்வேகம் போகும், மேலேயும் ஒன்றும் கிடைக்காது. நடுவே பருத்து முனையில் குறுகும் ரேஸ் புகைக்குழாயான எக்ஸ்பான்ஷன் சேம்பரிலிருந்து திரும்பும் அழுத்த அலை, வெளியே நழுவிய புதுக் கலவையை போர்ட் மூடும் முன் உள்ளே தள்ள வேண்டும். கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் மோட்டார் சைக்கிள் நிறுவனப் பொறியாளர் வால்டர் காடன் 1961இல் 125 சிசியில் 25 குதிரைத்திறன் எடுத்ததில் இந்த அலைக்குப் பெரும் பங்கு உண்டு.

அடுத்தது ஸ்குவிஷ், அதாவது உச்சநிலையில் பிஸ்டன் ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி. பிஸ்டனைக் கனெக்டிங் ராடுடன் இணைக்கும் கஜன் பின்னின் நேர்மேலே, இரு பக்கமும் சாலிடர் கம்பி வைத்து கிராங்க்கைச் சுழற்றி, நசுங்கிய தடிமனை அளந்து பாருங்கள். இந்த அளவு எஞ்சினுக்கு 0.7 முதல் 0.9 மி.மீ. வரை போதும். குறைந்தால் உச்சவேகத்தில் பிஸ்டன் ஹெட்டைத் தொடும். கூடினால் ஓரக் கலவை தானாக வெடித்துப் பிஸ்டன் விளிம்பைப் பொத்தல் பொத்தலாக அரிக்கும்.

பிறகு கசிவுச் சோதனை. கார்புரேட்டர் வாயையும் எக்ஸாஸ்டையும் அடைத்து 6 பிஎஸ்ஐ அழுத்தத்துக்குக் காற்று ஏற்றுங்கள். அழுத்தமானியின் முள் இறங்கினால் சோப்பு நீர் காட்டிக்கொடுக்கும். பெரும்பாலும் கிராங்க் சீல்தான் குற்றவாளி. கசிவை மூடாமல் ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளை) மாற்றுவது வீண் வேலை.

மெயின் ஜெட்டைப் பெரிதாக வைத்து ஆரம்பித்து, ஒவ்வொரு படியாகக் குறையுங்கள். முழு திராட்டிலில் ஓட்டி, அப்படியே கிளட்சைப் பிடித்து எஞ்சினை அணைத்து, பிளக்கைப் பாருங்கள். பீங்கானில் பளபளக்கும் அலுமினியப் புள்ளிகள் தெரிந்தால் பிஸ்டன் உருகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மறுபடி ஸ்டார்ட் செய்யாமல் ஹெட்டைக் கழற்றுங்கள்.