விளைவித்தவரே ஏன் விலைக்கு வாங்குகிறார்?

[காட்சி: விடிகாலை. பெங்களூரு சிட்டி மார்க்கெட். தரையில் சாக்கு விரித்த கடைகள்.]

மணி ஐந்தரை. மார்கழிக் குளிர். கலாசிபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி வந்த அக்கா ஒருவர், இரண்டு மூட்டை அவரைக்காயைச் சாக்கில் கொட்டிவிட்டு உட்காருகிறார். ஊர் தேன்கனிக்கோட்டைப் பக்கம். ஒரு கை அள்ளிப் பாருங்கள், விரலில் பிசுபிசுவென்று ஒட்டும், மணம் சாயங்காலம் வரை போகாது. பனி விழுந்தால்தான் அவரைக்கு இந்த மணம். வாங்க வருபவர்கள் முதலில் முகர்ந்துதான் பார்க்கிறார்கள். இன்றைக்கு அல்சூரிலும் சிவாஜிநகரிலும் எத்தனை வீட்டில் பிதுக்குப் பருப்புக் குழம்போ!

அவரைக்கு ஜோடி ராகிக் களி. "ராகி நம்ம நிலத்துலயே விளையுதா அக்கா?" என்று கேட்டேன்.

"விளையுது. ஆனா போன ஆடியில மாவு இதே மார்க்கெட்லதான் வாங்கினேன்."

இந்த ஒரு பதிலைப் புரிந்துகொள்ளத்தான் இந்த வீடியோ.

[காட்சி: நோட்டுப் புத்தகத்தில் பேனாவால் போடும் கணக்கு.]

அக்காவுக்கு மானாவாரி நிலம் ஒன்றரை ஏக்கர். போன வருடம் ஏழு மூட்டை ராகி, அதாவது 700 கிலோ. வீட்டில் ஐந்து பேர். நாளுக்கு ஒரு கிலோ மாவு என்றால் வருடத்துக்கு 365 கிலோ, ஏறக்குறைய நாலு மூட்டை. நாலை வைத்துக்கொண்டு மூன்றை விற்றிருந்தால் வீட்டுக்குக் குறை இல்லை. ஆனால் களத்தில் ராகி காயும் முன்பே உரக்கடைப் பாக்கி வாசலில் நின்றது, கூடவே பிள்ளையின் ஃபீஸ். ஐந்து மூட்டை போய்விட்டது, கிலோ 28 ரூபாய்க்கு. ஆடியில் அதே ராகியை மாவாக வாங்கியது 50 ரூபாய்க்கு.

விளைச்சல் குறையவில்லை. காத்திருக்கத்தான் முடியவில்லை. அறுவடை நேரத்தில் எல்லார் வீட்டிலும் மூட்டை இருக்கும், எல்லாருக்கும் கடன் இருக்கும். எல்லாரும் ஒரே வாரத்தில் விற்றால் விலை விழாமல் என்ன செய்யும்?

இது ஒரு அக்காவின் கதை மட்டும் இல்லை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் நூற்றுக்கு 86 பண்ணைகள் ஐந்து ஏக்கருக்கும் குறைவு. உலகம் முழுக்கப் பார்த்தாலும், இந்த அளவுப் பண்ணைகள் விவசாய நிலத்தில் சுமார் 12 சதவீதத்தை வைத்துக்கொண்டு, உணவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தருவதாக ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பு சொல்கிறது. அவர்களில் எத்தனையோ குடும்பங்கள் வருடத்தில் சில மாதம் தானியம் வாங்கித்தான் சாப்பிடுகின்றன.

மேற்கு கென்யாவில் மக்காச்சோளம் போடுபவர்களிடம் ஆராய்ச்சியாளர்கள் ஒன்று செய்து பார்த்தார்கள். அறுவடை முடிந்த கையோடு சிறு கடன் கொடுத்தார்கள், அவ்வளவுதான். மக்காச்சோளம் வீட்டிலேயே தங்கியது, விலை ஏறியதும் விற்றார்கள், கடனைக் கட்டிய பிறகும் கையில் மிஞ்சியது.

காத்திருப்பதற்கு ராகியைப் போல ஒரு தானியம் கிடையாது. பூச்சி சுலபத்தில் அண்டாது. நன்றாகக் காய்ந்ததைக் குழி வெட்டிக் கொட்டி மூடி, வருடக்கணக்கில் வைத்துச் சாப்பிட்ட ஊர்கள் இவை.

தக்காளி காத்திருக்காது. 2023 ஜூலையில் கடையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது, இரண்டு மாதத்தில் அடிமட்டத்துக்கு வந்தது. பழுத்துவிட்டால், கிடைத்த விலைக்குத் தள்ள வேண்டியதுதான்.

சரி, அரசு ஆதார விலை கொடுக்கிறதே? ராகிக்கு 2025-26இல் குவிண்டாலுக்கு 4,886 ரூபாய், கிலோ கிட்டத்தட்ட 49. நல்ல விலைதான். ஆனால் கொள்முதல் நிலையத்தில் நிலத்துக்கான காகிதம் கேட்பார்கள். அக்கா உழும் நிலத்தின் பட்டா மாமனார் பெயரில். பணமும் கணக்கில் ஏற நாளாகும். வியாபாரியோ வாசலுக்கே வந்து எடை போட்டு, கையில் ரொக்கம் வைக்கிறார். விலையை மட்டும் உயர்த்தி, பணம் வந்து சேரும் நாளை மறந்துவிட்டால், அந்த உயர்வு இவரை எட்டாது. எனக்கு இதில் பெரிய ஆதங்கம் உண்டு.

[காட்சி: ராகிக் கொல்லை. வரிசைகளுக்கு நடுவே அவரைக் கொடி.]

இந்த வருடம் அக்கா ஒரு மாற்றம் செய்திருக்கிறார். மாமியார் காலத்து வழக்கம்தான் அது. சில வரிசை ராகி, நடுவே ஒரு வரிசை அவரை, துவரை, ஓரத்தில் சோளம். கர்நாடகத்தில் இதற்கு 'அக்கடி சாலு' என்று பெயர். இதில் சத்துக்கான லாபத்தைப் பலரும் பேசுவார்கள்: பயறு வகை மண்ணுக்குத் தழைச்சத்து தரும், தட்டில் பருப்பு சேரும். இன்னொன்றும் இருக்கிறது. ராகி ஒரே தடவை வரும். அவரை அப்படி இல்லை, வாராவாரம் பறிக்கலாம், வாராவாரம் கையில் காசு.

மணி ஒன்பதரை. சாக்கில் இரண்டு கிலோ போல மிச்சம். அக்கா இடுப்புச் சுருக்குப் பையை அவிழ்த்து நோட்டுகளை இரண்டு தடவை எண்ணுகிறார்.

"உரக்கடைக்கு இன்னும் ரெண்டு நடை வந்தாப் போதும். இந்த வருச ராகி மூட்டை வீட்டுல ஏழும் அப்படியே இருக்கு. கட்டுப் பிரிக்கவே இல்ல."

மிச்ச அவரையை எனக்கே அளந்து போடுகிறார். சாக்கை உதறி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கலாசிபாளையம் பக்கம் நடக்கிறார்.