ஆயிரம் பொய் வேண்டாத கல்யாணம்

(தென்காசியில் ஐப்பசித் திருக்கல்யாண விழாவையொட்டி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, கோயில் தக்கார் அவர்களே, மண்டகப்படிதாரர்களே, வணிகர் சங்கப் பெரியோர்களே, முன்வரிசைக்கு வரமாட்டேன் என்று தூண் மறைவில் உட்கார்ந்திருக்கும் எங்கள் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, தாய்மார்களே! தலைவரின் பெருமைகளை எனக்கு முன் பேசிய மூவரும் மிச்சம் வைக்காமல் சொல்லிவிட்டார்கள். அவர் போர்த்திய பொன்னாடைக்கு நன்றி. ஒலிபெருக்கித் தம்பிக்கும் நன்றி. அவர் தயவில்லாமல் தர்மம்கூடக் கடைசி வரிசைக்குக் கேட்காது.

சுயம்வரத்தில் தர்மம் என்பது தலைப்பு. மாலை ஏந்தியவள் தர்மம், மாலைக்குக் காத்திருந்தவன் தர்மம், மாலை கிடைக்காதவர்கள் தர்மம் என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

தென்காசியில் நின்றுகொண்டு நளனைப் பேசாமல் யாரைப் பேசுவது? 16-ஆம் நூற்றாண்டில் இங்கிருந்து ஆண்ட அதிவீரராம பாண்டியர் அல்லவா நளன் கதையை நைடதமாகப் பாடியவர்! ‘நைடதம் புலவர்க்கு ஔடதம்’, அதாவது மருந்து, என்பார்கள்.

விதர்ப்ப நாட்டு இளவரசி தமயந்திக்குச் சுயம்வரம். நிடத நாட்டு நளனும் புறப்படுகிறான். வழியில் இந்திரன், அக்கினி, வருணன், எமன் நால்வரும் மறித்து, ‘எங்களில் ஒருவனை வரிக்கும்படி அவளிடம் தூது போ’ என்கிறார்கள். தான் விரும்பும் பெண்ணிடம் பிறருக்காகப் பெண் கேட்கப் போகிறான். போய்க் கேட்கவும் கேட்டான். ‘உன்னைத்தான் வரிப்பேன்’ என்று அவள் சொன்னதை அப்படியே தேவர்களிடம் திரும்ப வந்து சொன்னான். ‘ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைச் செய்’ என்கிறோமே, ஒரு பொய்யும் சொல்லாமல் தன் கல்யாணத்தையே பணயம் வைத்தவன் அவன்.

பொய் சொன்னவர்கள் தேவர்கள். வாயால் அல்ல, உருவத்தால். சபையில் ஐந்து நளன்கள்! தமயந்தி கைகூப்பி, ‘நளனையே மனத்தால் வரித்தேன், அந்தச் சத்தியத்தால் உங்கள் உருவைக் காட்டுங்கள்’ என்றாள். காட்டினார்கள். நால்வர் கண் இமைக்கவில்லை, பாதம் மண்ணில் படவில்லை, மாலை வாடவில்லை. ஒருவனுக்கு மட்டும் நிழல் விழுந்தது, வியர்த்திருந்தது, மாலை வாடியிருந்தது. அவன் தோளில் மாலையிட்டாள்.

இந்த ஐந்து நளன் கூத்து நம் பக்கத்திலும் நடந்தது. அம்பாசமுத்திரம் அருகே ஒரு வீடு, பெயர் வேண்டாம். பெண் பார்க்க மாப்பிள்ளை, அவர் தம்பி, சித்தப்பா மகன், பெரியம்மா மகன் என்று நான்கு பேர் வேனில் வந்து இறங்கினார்கள். நான்கும் வெள்ளைச் சட்டை, நான்கும் ஒரே மீசை. ‘நிமிராதே’ என்று அத்தை சொல்லி அனுப்பியதால், காப்பித் தட்டோடு வந்த பெண் நான்கு ஜோடிக் கால்களைத்தான் பார்த்தாள். தமயந்திக்காவது கால் துப்புக் கொடுத்தது. இங்கே நான்கு பேர் காலும் தரையில்தான் இருந்தன!

ஊர் கூடியிருந்த கூடத்தில் ‘பிடித்திருக்கிறதா?’ என்றார்கள். தலையாட்டினாள். அல்வாவும் மிக்சரும் தீர்ந்தன. பூ வைக்க நாளும் குறித்தாயிற்று. இரவில் ஆச்சி பக்கத்தில் படுத்து, ‘மாப்பிள்ளை எப்படி?’ என்றாள். ‘அதில் யார் ஆச்சி மாப்பிள்ளை?’ என்றது பிள்ளை. ஆச்சி எழுந்து விளக்கைப் போட்டாள். வீடே எழுந்தது. ‘இனிமேல் போய்க் கேட்டால் அசிங்கம்’ என்றார் மாமா. தரகரோ போனில், ‘ஆயிரம் பொய் சொல்லி…’ என்று ஆரம்பித்தார். ஆச்சி போனைப் பிடுங்கி, ‘ஆயிரமும் ஆகிவிட்டது, வை கீழே’ என்றாள்.

சங்கதி காதுக்கு எட்டியதும் அந்தப் பையன் தனியாகப் பஸ் ஏறி வந்தான். திண்ணையோரம் செருப்பைக் கழற்றிவிட்டு, ‘நான்தான் மாப்பிள்ளை. பார்த்துச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் எங்கள் வீட்டில் நானே சொல்லிக்கொள்கிறேன்’ என்றான். கல்யாணம் நடந்ததா என்றுதானே கேட்கிறீர்கள்? மறுவீட்டுச் சொதிச் சாப்பாட்டில் நானும் இருந்தேன்.

கேட்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு மகாபாரதத்து அம்பை இருக்கிறாள். காசி மன்னன் மகள். சுயம்வர மண்டபத்திலிருந்து பீஷ்மர் மூன்று பெண்களைத் தேரில் ஏற்றினார். தம்பிக்குப் பெண் வேண்டும் என்ற ஒரே நினைப்பு. தன் மனம் சால்வன் என்ற மன்னனிடம் இருப்பதை அவள் அத்தினாபுரம் போன பிறகுதான் சொல்ல முடிந்தது. பீஷ்மர் மரியாதையோடுதான் அனுப்பிவைத்தார். சால்வன் ஏற்கவில்லை. மறுபிறவியில் சிகண்டியாக வந்து பீஷ்மரின் சாவுக்கே காரணமானாள்.

நாம் தேர் கொண்டு போவதில்லை, அழைப்பிதழ் அடித்துவிடுகிறோம். தானே ஒருவனைத் தேர்ந்த பெண்மேல் அரிவாள் எடுக்கிறவர்களும் தமயந்தி கதைக்குத் தலையாட்டுகிறார்கள். அவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று இந்த மேடையில் சொல்ல வேண்டியதில்லை. சில காலமாக நான் ஊர் ஊராகக் கேட்பது ஒன்றுதான்: தாம்பூலம் மாற்றுவதற்கு முன், அப்பா, மாமா யாரும் இல்லாத இடத்தில் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ‘வேண்டாம்’ என்றால் காப்பிச் செலவோடு போகட்டும். ஆயிரம் பொய்க்கு ஆகும் செலவைவிட அது குறைவு.

மாலை கிடைக்காதவர்களைப் பற்றி, அதாவது தாமதமாக வந்து கோபித்துக்கொண்ட கலியைப் பற்றி, சொல்ல நினைத்தேன். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வாசலில் செருப்புக் காப்பகத்துக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கிறது. என் வீட்டில் பெண்ணைக் கேட்டுத்தான் தாம்பூலம் மாற்றுவேன் என்கிறவர்கள் கையெழுத்துப் போடலாம். முதல் கையெழுத்துக்குத் தக்கார் அவர்களை அழைக்கிறேன்; பேனா என்னிடம் இருக்கிறது. வணக்கம்.