பாறையில வெயில் காயுற தாய்ப்பாம்பு

வணக்கம் நேயர்களே. பாம்பு பத்தி பேசணும்னு கூப்பிட்டாங்க, உடனே எனக்கு ஞாபகம் வந்தது டிம்பர் ராட்டில்ஸ்நேக் தான். அமெரிக்காவோட கிழக்குப் பக்க மலைக்காடுகள்ல இருக்கிற விஷப்பாம்பு, வால்ல கிலுகிலுப்பை மாதிரி ஒண்ணு வச்சிருக்குமே அந்த வகை. 1758ல ஸ்வீடன் உயிரியல் அறிஞர் லின்னேயஸ் வச்ச அறிவியல் பேரு குரோட்டலஸ் ஹாரிடஸ், பயங்கரமானதுன்னு அர்த்தம் வரும். அது வாழ்ற விதத்தைப் பார்த்தா அந்தப் பேரே அநியாயம்ங்க.

எப்பவும் சத்தம் போட்டுக்கிட்டே இருக்கும்னு நினைப்போம், இல்ல. விழுந்து கிடக்கிற மரக்கட்டை ஓரமா சுருண்டு, தாடையை கட்டை மேல வச்சு மணிக்கணக்கா படுத்திருக்கும், எலியோ அணிலோ அந்தக் கட்டை மேல ஓடி வர்றதுக்காக. கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவுல ஒரு குழி இருக்கு, அதுல இரையோட உடம்புச் சூட்டை உணரும். நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை மூங்கில் குழிவிரியனுக்கும் இதே குழி தான், ரெண்டும் சொந்தம். நாம பக்கத்துல நடந்து போனாலும் பெரும்பாலும் அசையாம கிடக்கும், ஏன்னா சருகோட சருகா தெரியுற நிறத்தைத் தான் அது முதல்ல நம்புது. கிலுகிலுப்பை வளையத்தை எண்ணி வயசு சொல்றதும் தப்பு, தோல் உரிக்கிறப்பெல்லாம் ஒண்ணு சேரும், ஒரே வருஷத்துல ரெண்டு தடவை கூட உரிக்கலாம், பழசு உடைஞ்சும் போயிடும்.

என் மனசை உலுக்குனது தாய்ப்பாம்போட கதை. வடக்குல குளிர் பகுதியில பொண்ணு பாம்பு முதல் தடவை குட்டி போடவே 9, 10 வயசு ஆகிடும். அதுக்கப்புறமும் 3, 4 வருஷத்துக்கு ஒரு தடவை தான். முட்டை கிடையாது, நேரா குட்டி தான், சுமாரா 6லேர்ந்து 10 வரைக்கும். வயித்துல குட்டியோட இருக்கிற கோடை முழுக்க சரியா சாப்பிடாம திறந்த பாறையில வெயில் காயும், அந்தச் சூடு இருந்தா தான் குட்டி வளரும். வெட்டவெளில அப்படிக் கிடக்கிறதால தான் ஈஸியா மாட்டுச்சு. நியூயார்க் மாநிலத்துல இதைக் கொன்னா காசு குடுத்தாங்க, 1971 வரைக்கும்! வேட்டைக்காரங்க நேரா இந்தப் பாறைகளுக்கும், குளிர்காலத்துக்கு எல்லாம் ஒண்ணா ஒதுங்குற பொந்துகளுக்கும் தான் போனாங்க. ஒரு தாயை அடிச்சா அந்த இடத்துக்கு இன்னொன்னு வளர்ந்து வர பத்து வருஷம். 1983ல தான் அங்க பாதுகாப்பு சட்டம் வந்துச்சு. அமெரிக்காவோட மெயின், ரோட் ஐலண்ட் மாநிலங்கள், பக்கத்து நாடான கனடா எல்லாம் இப்ப இந்தப் பாம்பே இல்லாத இடங்க.

பிறந்த குட்டிங்க முதல் தோலை உரிக்கிற வரைக்கும், ஒரு வாரம் பத்து நாள், தாய் பக்கத்துலயே இருக்கும். அப்புறம் தாய் எழுந்து போயிடும், மாசக்கணக்கா பட்டினி இல்லையா, குளிர் வர்றதுக்குள்ள இரை தேடணும். குட்டிங்களுக்கு வழி காட்ட யாரும் இல்ல. இலை உதிர்ற நேரத்துல பெரிய பாம்புங்க ஊர்ந்து போன தடத்தோட வாசனையை நாக்கால பிடிச்சுக்கிட்டே போயி, தான் பார்த்தே இல்லாத அந்தப் பொந்துக்குப் போய்ச் சேரும்.