வேலு நாச்சியார் விருப்பாட்சியில் காத்திருந்த எட்டு ஆண்டுகள்

[காட்சி: ஒட்டன்சத்திரத்திலிருந்து பழனி செல்லும் சாலை. இடப்புறம் நெடுக மலைத்தொடர்.]

வணக்கம். பழனி பஞ்சாமிர்தம் சாப்பிட்ட எல்லோருக்கும் விருப்பாட்சியின் ருசி தெரியும். மலைவாழையில் பேர்போன ரகத்துக்கு அந்த ஊரின் பெயர்தான். சிறிய பழம், நீர்ப்பசை குறைவு. அதனால்தான் பஞ்சாமிர்தம் பல நாள் கெடாமல் இருக்கிறது. அந்த ரகம் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது. அந்த மலையடிவார ஊர்தான், நாட்டை இழந்து வந்த ஓர் அரசிக்கு அடைக்கலம் தந்தது.

[காட்சி: காளையார்கோவில் கோபுரம்.]

1772 ஜூன் 25. ஆற்காட்டு நவாபின் படையும் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கும்பெனிப் படையும் காளையார்கோவிலைத் தாக்கின. சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் களத்தில் வீழ்ந்தார். அவருடைய அரசி வேலு நாச்சியார், இராமநாதபுரம் சேதுபதியின் மகள். அப்போது அவருக்கு வயது 42. மகள் வெள்ளச்சியுடனும் பிரதானி (முதலமைச்சர்) தாண்டவராய பிள்ளை, மருது சகோதரர்களுடனும் வடமேற்கே வந்து சேர்ந்த இடம்தான் விருப்பாட்சி. பாளையக்காரர் கோபால நாயக்கர் அடைக்கலம் கொடுத்தார். நவாபையும் கும்பெனியையும் ஒருசேரப் பகைத்துக்கொள்ளும் காரியம் அது. தெரிந்தேதான் செய்தார்.

[காட்சி: வரைபடம். விருப்பாட்சி, திண்டுக்கல், சிவகங்கை.]

வரைபடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். முதுகுக்குப் பின்னால் பழனி மலை. கிழக்கே திண்டுக்கல் மலைக்கோட்டை, அது மைசூர் ஹைதர் அலியின் கையில். கும்பெனியை எதிர்க்கும் வல்லமை அன்று தெற்கே அவருக்குத்தான் இருந்தது. 1772 டிசம்பரிலேயே தாண்டவராய பிள்ளை அவருக்குக் கடிதம் எழுதினார்: ஐயாயிரம் குதிரைப்படை, ஐயாயிரம் காலாட்படை வேண்டும். கணவரை இழந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் படைக் கணக்கு பேசியிருக்கிறார்கள்!

ஆனால் கேட்டதும் படை வந்துவிடவில்லை. பிறர் மண்ணில் இருந்துகொண்டே சிதறிய வீரர்களைச் சேர்க்க வேண்டும். ஊரில் இருப்பவர்களின் நம்பிக்கை அறுந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வளரும் மகளை வாரிசாக ஆளாக்க வேண்டும். ஹைதரிடம் நாச்சியார் உருதுவிலேயே பேசினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. சிலைகளில் வாளோடு அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த எட்டு ஆண்டுகள்தான் நினைவுக்கு வரும். போர்க்களத்தைவிட இந்தக் காத்திருப்பே கடினம் என்பது என் எண்ணம்.

[காட்சி: சிவகங்கை அரண்மனை வாசல்.]

1780-இல் கும்பெனிக்கும் ஹைதருக்கும் பெரும்போர் மூண்டது. அதே ஆண்டில், ஐம்பதாவது வயதில், ஹைதரின் உதவியோடு நாச்சியார் சிவகங்கையை மீட்டார். உடலில் தீ வைத்துக்கொண்டு ஆயுதக் கிடங்குக்குள் பாய்ந்த குயிலியையும், அரசி போன வழியைக் காட்டிக் கொடுக்க மறுத்து உயிர்விட்ட உடையாளையும் மக்கள் இன்றும் கையெடுத்துக் கும்பிட்டுத்தான் பேசுகிறார்கள். ஏட்டில் அவர்களைப் பற்றி இருப்பது சொற்பம். மக்கள் நினைவு அவர்களைக் கைவிடவில்லை.

நாச்சியார் 1796-இல் மறைந்தார். 2008-இல் நினைவு அஞ்சல்தலை வந்தது. சிவகங்கையில் மணிமண்டபம் இருக்கிறது. அடைக்கலம் தந்த கோபால நாயக்கரோ தம் பங்குக்குத் திண்டுக்கல் பாளையங்களைத் திரட்டிக் கும்பெனியை எதிர்த்தார். 1801-இல் தூக்கிலிடப்பட்டார். அதே ஆண்டு மருது சகோதரர்களும் தூக்குமேடை ஏறினார்கள்.

[காட்சி: விருப்பாட்சியில் கோபால நாயக்கர் மணிமண்டபம்.]

பழனிக்குப் பாதயாத்திரை போகும் கூட்டம் ஆண்டுதோறும் இந்த வழியாகத்தான் நடக்கிறது. பிள்ளைகளை அழைத்து வருபவர்கள் இங்கே சற்று நின்று இந்தக் கதையைச் சொல்லுங்கள். ஜனவரி 3 நாச்சியார் பிறந்தநாள். அன்று சிவகங்கையில் விழும் மாலைகளோடு விருப்பாட்சியிலும் ஒரு மாலை விழ வேண்டும். அதைக் கோபால நாயக்கர் ஊர் மக்கள் கையால் போட வேண்டும்.